முன்னுரையில் ஒரு வரி

கதிரேசன் மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார். பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி வாசிக்கிற பிள்ளையைப் போல ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று போனார்.

“‘இந்த நாவலில் ஒரு வரிகூட என் கற்பனை அல்ல. கொங்கு நாட்டில் ஊர் ஊராகச் சென்று, பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லக் கேட்டவற்றை மட்டுமே எழுதியிருக்கிறேன்.’ கீழ உங்க கையெழுத்துங்க, சம்மந்தி.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கடைசிச் சொல் அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, “தம்பிதுரை சார்” என்று திருத்தினார்.

தம்பிதுரை புத்தகத்தை எட்டிப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்பு எழுதிய வரி. ஏன் எழுதினோம் என்பதுகூட அவருக்கு மறக்கவில்லை. “உண்மைக் கதைன்னு ஒரு வரி போட்டுக் குடுங்க சார். வெறும் கற்பனைன்னா எவன் காசு குடுத்து வாங்குவான்?” என்று பதிப்பாளர் கேட்டார். மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலையில் இருந்த முப்பத்து நாலு வயது ஆளுக்கு முதல் புத்தகம் அச்சில் வந்தால் போதும் என்றிருந்தது. போட்டுக் கொடுத்தார். அந்த வரிக்காகவே ஒரு இலக்கிய அமைப்பு, ‘களப்பணியில் விளைந்த படைப்பு’ என்று பாராட்டிப் பரிசும் கொடுத்தது.

வடவள்ளியில் அவருடைய வீட்டுக் கூடத்தில் அன்று காலை வந்து உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர். கதிரேசன், மாப்பிள்ளையாக வரவேண்டிய சபரீஷின் அப்பா. அவர் பக்கத்தில் கிருபாசங்கர், தம்பிதுரையின் குலதெய்வக் கோயில் கமிட்டிச் செயலாளர். கணபதிப் பகுதியில் பம்ப்செட்டுக்கு வார்ப்பு செய்கிற பட்டறை வைத்திருப்பவர். எதையும் அளவெடுத்துப் பார்க்காமல் பேசமாட்டார்.

“அது முழுக்க நானா எழுதுனதுங்க. கற்பனை” என்றார் தம்பிதுரை.

“அப்ப முன்னுரை?”

“அதும் கற்பனைதானுங்க.”

கிருபாசங்கர் சிரித்துவிட்டார். “முன்னுரையில யாராச்சும் கற்பனை எழுதுவாங்களா சார்? கதையில எழுதுனாத்தான் கற்பனை.”

சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்ற புவனா, கணவரை ஒரு பார்வை பார்த்தாள். இந்த மனுசனை நம்பி முப்பது வருசம் ஓட்டிப்போட்டேனே என்கிற பார்வை அது.

விவகாரம் இதுதான். தம்பிதுரையின் மகள் லோகப்பிரியாவும் சபரீஷும் சரவணம்பட்டியில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். ஒருவரையொருவர் பிடித்துப்போய் வீட்டில் சொன்னார்கள். ஒரே சாதி, ஜாதகமும் பொருந்தியது, இரண்டு வீட்டிலும் மறுப்பில்லை. ஆனால் பெண் நொச்சிக் கூட்டம், பையன் கிளுவைக் கூட்டம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. அங்கே பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். நொச்சியும் கிளுவையும் வெவ்வேறு கூட்டங்கள். பழைய காலமாக இருந்தால் பிரச்சினையே இல்லை. ‘குழவி போன திசை’ என்று தம்பிதுரை ஒரு நாவல் எழுதியதால் வந்த வினை இது.

அந்த நாவலில் ஒரு தாய்க்கு இரண்டு மகன்கள். சண்டை போட்டுக்கொண்டு பாகம் பிரிக்கக் கேட்கிறார்கள். தாய் எல்லாவற்றையும் சரிபாதி கொடுத்துவிட்டு, ஆட்டுக்கல்லை மூத்தவனுக்கும் அதன் குழவியை இளையவனுக்கும் கொடுக்கிறாள். மாவாட்ட வேண்டுமானால் இரண்டு பேரும் ஒன்றாக வந்தாக வேண்டும் அல்லவா? அது அவள் போட்ட கணக்கு. இளையவனோ குழவியைத் தலைப்பாகைத் துணியால் வயிற்றோடு கட்டிக்கொண்டு, வெள்ளம் போகிற நொய்யலில் இறங்குகிறான். கல்லின் பாரம் அவனை ஆற்றின் அடியோடு நிறுத்த, இழுப்புக்கு அகப்படாமல் தென்கரைக்கு நடந்தே போய்விடுகிறான். வடகரையில் நின்றவன் வம்சம் நொச்சி. தென்கரைக்குப் போனவன் வம்சம் கிளுவை. கதைக்கு இரண்டு கூட்டம் தேவைப்பட்டது. ஒன்று சொந்தக் கூட்டம், இன்னொன்று காதுக்கு நன்றாக இருந்தது என்று சேர்த்தது.

இரண்டாயிரத்து நாலில் நொச்சிக் கூட்டத்துக் கோயில் கும்பாபிஷேகம் நடந்தபோது, அந்த அத்தியாயத்தை விழா மலரில் ‘நமது குல வரலாறு’ என்று அப்படியே போட்டார்கள். ஒரு கல்லூரி மாணவர் மலரை ஆதாரம் காட்டி ஆய்வேடு எழுதினார். நாவல் மறுபதிப்பு வந்தபோது, ‘வரலாற்று ஆய்வுகளும் உறுதிசெய்யும் கதை’ என்று பதிப்பாளர் பின்னட்டையில் அந்த ஆய்வேட்டைப் பிடித்துப் போட்டார். நாவலுக்கு ஆய்வேடு சாட்சி, ஆய்வேட்டுக்கு மலர் சாட்சி, மலருக்கு நாவல் சாட்சி.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டாயிரத்து எட்டில் கிளுவைக் கூட்டத்துக் கோயிலில் மண்டபத்துக்குக் கடைக்கால் தோண்டும்போது ஒரு குழவி கிடைத்தது. கொங்கு நாட்டில் எந்தப் பழைய ஊரைத் தோண்டினாலும் குழவி கிடைக்கும் என்பது தம்பிதுரைக்குத் தெரியும். ஆனால் தென்கரை ஆட்கள் இருநூறு பேர் அந்தக் குழவிக்கு மஞ்சள் பூசி, மேளதாளத்தோடு ஆற்றைத் தாண்டி வந்துவிட்டார்கள். இங்கே நொச்சிக் கூட்டத்துக் கோயில் பின்புறம் தாய்க்கல் மட்டுமாக ஒரு பழைய ஆட்டுக்கல் கிடந்தது. வைத்துப் பார்த்தார்கள். பொருந்தியது. அதாவது, பொருந்தியது என்று எல்லாரும் சொன்னார்கள். பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு தை மாதத்து நோம்பித் திருவிழாவுக்கும் தென்கரைக் குழவி இங்கே வரும், இந்த ஆட்டுக்கல்லில் மாவு அரைத்து இரண்டு கூட்டமும் விளக்கு வைப்பார்கள். ‘எங்க வரலாற்றைக் கண்டுபிடிச்சுக் குடுத்தவர்’ என்று தம்பிதுரைக்குப் பரிவட்டம் கட்டினார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பட்டுத் துணி நெற்றியில் இறுக்கமாக இருந்தது, இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

“எனக்கு இந்தக் கண்ணாலம் நடக்கோணுமுங்க” என்றார் கதிரேசன். “பையன் சரியா சாப்புடறதில்ல. ஆனா நாளைக்கு நோம்பிக்குப் போனா, ‘அண்ணன் ஊட்டுப் புள்ளையவே எடுத்துப்போட்டாங்க’ன்னு பேசுவாங்கல்ல?”

கிருபாசங்கர் புத்தகத்தை மூடினார். “ஒரே வழிதானுங்க சார். வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டு கூட்டத்துப் பெரியவங்களும் கோயிலுக்கு வாராங்க. அத்தனை பேர் முன்னால, ‘இது என் சொந்தக் கற்பனை’ன்னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிப்போடுங்க. நான் மினிட் புக்குல ஏத்திக்கறேன். வேலை முடிஞ்சுது.”

“அவ்வளவுதானுங்களா?” என்றாள் புவனா.

“அவ்வளவேதான் அக்கா.”

அவர்கள் போனதும் லோகப்பிரியா அறையிலிருந்து வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “அப்பா, ஞாயித்துக்கெழம காலைல நானே வண்டி ஓட்டறேன். நீங்க சொல்லப்போறது உண்மைதானே, அப்பறம் என்ன?”

“உண்மைதான் கண்ணு” என்றார் தம்பிதுரை. எரியும் சூடத்தைக் கையால் அமுக்கி அணைப்பதை நினைத்தபோது, உள்ளங்கையில் ஏதோ ஊர்ந்தது. வாலிபத்தில் சாமி இல்லை என்று வாதாடித் திரிந்தவர்தான். இருந்தாலும் சூடத்தின் முன்னால் சொல்வதென்றால் சரிபார்த்துவிட்டுச் சொல்வது நல்லது என்று பட்டது. அந்த நினைப்புதான் அவரைக் கெடுத்தது.

மறுநாள் காலையில் அலமாரியைக் கலைத்தார். வெள்ளைக்காரன் காலத்து ஜில்லா விவரப் புத்தகம், செப்பேடுகளின் பதிப்பு, குல வரலாறுகள் நாலைந்து, பட்டயங்களின் தொகுப்பு என்று ஒன்றுவிடாமல் புரட்டினார். செப்பேடுகளைப் படிக்கப் படிக்க அவருக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு. சிவபெருமான் சடையில் கங்கை இறங்கியதில் தொடங்கி, ‘வடக்கே புளியமரம், கிழக்கே வண்டித்தடம்’ என்று நான்கு எல்லை சொல்லி முடிப்பார்கள். இன்றைய நாவலாசிரியன் வண்டித்தடத்தில் தொடங்கி எங்கேயோ ஆகாயத்தில் கொண்டுபோய் முடிக்கிறான். இரண்டிலும் எது நடந்தது, எது சொல்லப்பட்டது என்று கோடு கிழிக்க முடிந்ததில்லை. எந்தப் புத்தகத்திலும் இரண்டு சகோதரர்கள் இல்லை, குழவி இல்லை. நிம்மதியாக இருந்தது. பிறகு, புத்தகத்தில் இல்லாததெல்லாம் நடக்காதது என்று ஆகுமா என்று தோன்றியது.

அலமாரியின் அடித்தட்டில் அவருடைய பழைய குறிப்புகள் இருந்தன. மின்வாரியத்தில் வீணாய்ப் போன ரீடிங் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியவை. ஒரு தாளில் பென்சிலால், அவருடைய கையெழுத்தில், இப்படி இருந்தது: ‘அந்தியூர். மஜீத் பாய் ஊடு. ரெண்டு அண்ணன் தம்பி. கல்லு ஒருத்தனுக்கு, குழவி ஒருத்தனுக்கு. ஆறு.’

அவ்வளவுதான். தேதி இல்லை. தாளை முன்பக்கம் திருப்பினார். ஏதோ ஒரு விவசாயக் கிணற்று மோட்டாரின் யூனிட் கணக்கு.

தம்பிதுரை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மஜீத் பாயை நன்றாக நினைவிருக்கிறது. குதிரை வியாபாரி. அங்கே ரீடிங் எடுத்த நாட்களில், ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தை கூடும்போது அவர் வீட்டில்தான் இவர் டீ குடிப்பார். ஆனால் மஜீத் பாய் இந்தக் கதையைச் சொன்னதாக எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. கேட்ட கதையா? அல்லது அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது மனதில் பட்டதைக் குறித்துக்கொண்டதா?

மகளிடம் காட்டினார். காட்டியிருக்க வேண்டியதில்லை என்று புவனா பிறகு இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அந்த மஜீத் பாய் இருக்காரா?” என்று கேட்டாள் லோகப்பிரியா.

“இருந்தா எம்பது தாண்டியிருக்கும்.”

“போய்க் கேட்டுப்போட்டு வந்தர்லாம்ப்பா. இல்லைன்னா நீங்க தூங்கமாட்டீங்க.”

புதன்கிழமை அவள் லீவு போட்டுக் காரை எடுத்தாள். அவிநாசி, கோபி தாண்டி அந்தியூர் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. சந்தை கூடும் மைதானம் வெறுமனே கிடந்தது. நாலைந்து ஆடுகள் மேய்ந்தன. மஜீத் பாய் வீட்டு வாசலில் ஒரே ஒரு வயசான பெண்குதிரை கட்டியிருந்தது.

அப்துல் மஜீத் கட்டிலில் சாய்ந்திருந்தார். பார்வை மங்கல். ஆனால் குரலைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “அட, மீட்டர்கார சாருங்களா! இது யாரு, பாப்பாவா? வாம்மா, உங்கப்பா எங்கூட்டு மீட்டர ஒரு தடவகூடக் கொறச்சு எழுதுனதில்ல, அவ்வளவு கறார்.”

டீ வந்தது. தம்பிதுரை சுற்றி வளைக்காமல், “இந்தக் கல்லு, குழவி கதை உங்களுக்குத் தெரியுமுங்களா பாய்?” என்று கேட்டார்.

“ஏன் தெரியாம? நாந்தானே உங்களுக்குச் சொன்னேன்.”

லோகப்பிரியா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எங்க அத்தாவும் அவரோட அண்ணன் பெரியத்தாவும் மைசூரு பக்கமிருந்து குதிரை ஓட்டிக்கிட்டு வந்தவங்க” என்றார் மஜீத். “ரெண்டு பேருக்கும் தகராறு. எங்க பாட்டி, கல்ல ஒருத்தருக்கும் குழவிய ஒருத்தருக்கும் குடுத்துருச்சு. பெரியத்தா குழவிய வயித்துல கட்டிக்கிட்டு பவானி ஆத்துல எறங்கிட்டாரு. வெள்ளம். கல்லு கனத்துல அடியோட நடந்து அக்கரை போயிட்டாரு.”

“வயித்துல கட்டிக்கிட்டா?” தம்பிதுரையின் குரல் உயர்ந்துவிட்டது. “பாய், அது நான் எழுதுனதுங்க. அது எனக்கு நல்லாத் தெரியும். ராத்திரியெல்லாம் யோசிச்சு எழுதுனேன். மொதல்ல தோள்ல தூக்கிட்டுப் போறதா இருந்துது, அப்பறம் மாத்துனேன்.”

“நீங்க எழுதியிருப்பீங்க, அத நான் இல்லைங்கல. பெரியத்தா வயித்துல அந்தக் கட்டுத் தழும்பு இருந்துது. நான் தொட்டுப் பாத்திருக்கேன்.”

உள்ளே வாசற்படியில் நின்றிருந்த அவருடைய மருமகள் மெல்ல, “மாமா, அந்தப் புத்தகத்த நான் உங்களுக்குப் படிச்சுக் காட்டுனேனுங்களே. கொரோனா சமயத்துல. அந்தக் கட்டம் வந்தப்ப அழுதீங்க” என்றாள்.

“எந்தப் புத்தகம்?”

“இந்த சார் எழுதுனதுதான். அலமாரில இருக்குது.”

மஜீத் பாய் வலது கையின் விரல்களை விரித்து, எதையோ தடவிப் பார்ப்பதுபோலக் காற்றில் அசைத்தார். “அப்ப அந்தத் தழும்பு?” என்றார். அதை மருமகளிடம் கேட்டாரா, தம்பிதுரையிடம் கேட்டாரா என்று தெரியவில்லை. “தொட்டது ஞாபகம் இருக்குதுங்களே சார். கயிறு மாதிரி, மேடா.”

“கல்லும் குழவியும் நீங்க சொன்னதுங்களா, இல்ல அதும் புத்தகமா?” என்று கேட்டார் தம்பிதுரை.

“நாந்தான் சொன்னேன்.” பிறகு யோசித்தார். “நீங்கதான் சொன்னீங்களோ? டீ குடிச்சிக்கிட்டே யாரோ ஒருத்தர் சொல்ல, யாரோ ஒருத்தர் கேட்டோம். அது மட்டும் நெசம்.”

திரும்பும்போது கோபியைத் தாண்டியதும் சாலையோரம் கரும்பு லாரிகள் வரிசையாக நின்றன. லோகப்பிரியா ஒரு லாரியைத் தாண்டிவிட்டுச் சொன்னாள்: “ஞாயித்துக்கெழம என்னப்பா சொல்லப்போறீங்க?”

“அதான் தெரியல கண்ணு. நானே உண்டாக்குனதுன்னு சத்தியம் பண்ணலாம்னு இருந்தேன். இப்ப, பாய் சொல்லித்தான் எழுதுனேனோன்னு சந்தேகமா இருக்குது. அவரு சொன்னது அவுங்க குடும்பத்துக் கதைன்னா, நம்ம கூட்டத்துக்குச் சம்பந்தமில்ல. ஆனா அவரு சொன்னதே நான் சொல்லிக் கேட்டதா இருந்தா, நான் எங்க கேட்டேன்?”

“அப்பா.” அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். “கதைய விடுங்க. ரெண்டு வருசமா எனக்குத் தெரிஞ்ச சபரீஷ ஆறு மாசமா ஒரு புத்தகம் அண்ணன்ங்குது. ஆபீஸ்ல எதிர்ல வந்தா எப்படிப் பாக்கறதுன்னு தெரியாம அவன் வேற லிஃப்டுல போறான். எனக்கு அவன் அண்ணனா, இல்லியா? ஒரே வார்த்தை சொல்லுங்க.”

“இல்ல.”

“நிச்சயமாவா?”

தம்பிதுரை வாயைத் திறந்து, மூடினார். அவள் அதைப் பார்த்துவிட்டாள். வண்டியை எடுத்தாள். அவிநாசிக்கு அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நாற்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நொச்சிக் கூட்டம் ஒரு பக்கம், கிளுவைக் கூட்டம் ஒரு பக்கம். தென்கரை ஆட்களில் முன்வரிசையில் நஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தார். எண்பத்து நாலு வயது. ஒவ்வொரு நோம்பிக்கும் குழவியைச் சுமந்து வருவது அவர்தான். யார் கேட்டாலும் கொடுக்கமாட்டார். சபரீஷ் தூணோரம் நின்றான். லோகப்பிரியா அவனைப் பார்க்காமல் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கிருபாசங்கர் விஷயத்தை விளக்கினார். பூசாரி வெற்றிலையில் சூடத்தை ஏற்றி அம்மன் முன்னால் வைத்தார். தம்பிதுரை எழுந்தார்.

“ஏஞ்சாமி, ஒரு நிமிசம்” என்றார் நஞ்சம்மாள். “நீ இப்ப பொய்யின்னு அணைச்சீன்னா, நாங்க இத்தனை வருசமா அரைச்ச மாவெல்லாம் என்னாகறது?”

யாரோ சிரித்தார்கள். நஞ்சம்மாள் சிரிக்கவில்லை. தம்பிதுரை சூடத்தின் முன்னால் போய் நின்றார். சூடம் கரைந்துகொண்டே இருந்தது. மகளுடைய முகத்தைப் பார்த்தால் கை தானாகப் போய் அணைத்துவிடும் போலிருந்தது. கிழவியின் முகத்தைப் பார்த்தால் கை பின்னால் வந்தது.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் நிச்சயமாத் தெரியுமுங்க” என்றார். “முன்னுரையில, பெரியவங்க சொல்லக் கேட்டத மட்டுமே எழுதியிருக்கேன்னு போட்டேன். அது பொய். பதிப்பாளர் கேட்டாரு, போட்டேன். அதுக்கு எனக்குப் பரிசு வந்துது, நீங்க பரிவட்டம் கட்டுனீங்க. பேசாம வாங்கிக்கிட்டேன்.” கையை நீட்டிச் சூடத்தை அமுக்கினார். சுரீர் என்றது. “முன்னுரை பொய். அதுக்கு சத்தியம்.”

“அப்ப கதை?” என்றார் கதிரேசன்.

“கதை தெரியலீங்க. நான் உண்டாக்குனதுன்னுதான் இத்தனை நாளா நெனச்சுட்டிருந்தேன். அந்தியூர்ல ஒரு குதிரை வியாபாரி, அவுங்க குடும்பத்துல நடந்ததுங்கறாரு. அதும் அவுருக்கு நிச்சயமில்ல.”

“குதிரை வியாபாரிக்கும் நமக்கும் என்ன?” என்று ஒருவர். “அப்ப அண்ணன் தம்பி இல்லீங்கறதுக்கு அது போதும்ல?” என்று இன்னொருவர். “முன்னுரை பொய்யின்னா கதை பொய்யின்னு ஆயிருமா?” என்று மூன்றாமவர். “குழவி கெடச்சுதே, அத என்ன பண்றது?” ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். தம்பிதுரை உள்ளங்கையை ஊதிக்கொண்டு நின்றார். லோகப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அளவெடுத்துப் பேசுகிற கிருபாசங்கர்தான் கையைத் தூக்கினார். “ஒரு யோசனைங்க. அண்ணன் தம்பிங்கறத எடுத்துப்போட்டா நோம்பி கெட்டுப்போகும். வெச்சிருந்தா கண்ணாலம் கெட்டுப்போகும். ரெண்டும் நிக்கோணும்னா, சின்னவன் பெத்த புள்ளையில்ல, எடுத்து வளத்த புள்ளைன்னு இருந்தாச் சரியாயிருது. அண்ணன் தம்பியும் ஆச்சு, ரத்தம் வேற. சார் அடுத்த பதிப்புல ஒரு பக்கம் சேத்து எழுதிக் குடுத்தா, வர்ற மலர்ல போட்டுக்கறோம்.”

“தாய்ப்பால் குடிச்சிருந்தா ரத்தம் மாதிரித்தானுங்க” என்றார் வயதான ஒருவர்.

“அப்ப எட்டு வயசுல வந்தான்னு போட்டுக்கலாமுங்க. பால் பிரச்சினை வராது.”

“எட்டு வயசுப் பையன் குழவிக்குச் சண்ட போடுவானா?”

“சண்ட போடறப்ப வளந்துட்டான்ல மாமா!”

தம்பிதுரை உள்ளங்கையை விரித்துக் காட்டினார். “இப்பத்தானுங்க ஒரு பொய்ய அணைச்சேன். கை இன்னும் எரியுது. மறுபடியுமா?”

“பொய்யின்னு யாருங்க சொன்னது? உங்களுக்கே தெரியலீங்கறீங்க. தெரியாத எடத்துல எதையோ ஒண்ணு வெச்சுத்தானே ஆகோணும்? காலியா உட முடியுமா?” என்றார் கிருபாசங்கர்.

தம்பிதுரை மகளைப் பார்த்தார். வேண்டாம் என்றோ, எழுதுங்கள் என்றோ அவள் சொன்னால் போதும். அவள் சபரீஷைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவனும் அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதெதுக்குப் புதுசா எழுதறது?” என்றார் நஞ்சம்மாள். எல்லாரும் திரும்பினார்கள். “அது அப்படித்தான். எங்க மாமியா சொல்லுவாங்க. எங்க கூட்டத்துக்கு மொதல் ஆளு, அந்தச் சின்னவரு, பொறந்த ஊடு வேற. பஞ்சத்துல தாய் தகப்பன் போயி, இந்தம்மா எடுத்து வளத்துச்சாம். இந்த சாமி எழுதுன புத்தகத்துல அது உட்டுப்போச்சு. நானும் இத்தனை வருசமா யாராச்சும் கேப்பாங்கன்னு பாத்துட்டிருந்தேன். ஒருத்தரும் கேக்கல.”

கிளுவைக் கூட்டத்துப் பக்கம் இரண்டு மூன்று தலைகள் ஆடின. “ஆமாமா, பஞ்சத்துக் கதை ஒண்ணு உண்டு” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கதிரேசன் மேலே பார்த்துக் கும்பிட்டார். கிருபாசங்கர் அதற்குள் மினிட் புக்கில் எழுத ஆரம்பித்துவிட்டார். யாரோ, “அப்பறம் என்னங்க, தேதி குறிக்கச் சொல்லுங்க” என்றார்கள். புவனா சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்து ஆட்கள் சாப்பாட்டுக்கு நகர்ந்தபோது, தம்பிதுரை நஞ்சம்மாளிடம் போய்க் குனிந்தார். “ஏனுங்க ஆத்தா, நெசமாலுமே உங்க மாமியா சொன்னாங்களா? இல்ல, பொண்ணுக்காகச் சொன்னீங்களா?”

“ஏஞ்சாமி, நீ எழுதுனா நெசம், நான் சொன்னாப் பொய்யா?”

“அப்படியில்லீங்க ஆத்தா. மலர்ல போடணுமே. உங்க மாமியா பேரு என்னங்க?”

நஞ்சம்மாள் அம்மன் சன்னதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாமியார் பெயரைச் சொல்லக் கூசுகிறாரா, மறந்துபோய்த் தேடுகிறாரா, அல்லது அந்த இடத்திலேயே ஒரு பெயரை உண்டாக்குகிறாரா என்று தம்பிதுரையால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருடம் எழுதியவர்தான், ஒரு முகத்தைப் பார்த்தால் கொஞ்சமாவது தெரியவேண்டும். தெரியவில்லை.

“வெள்ளையம்மா” என்றார் கடைசியில். “வெள்ளையம்மான்னே போட்டுக்க.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார் தம்பிதுரை. எழுதத் தாள் இல்லாததால், வெந்த வலது கையாலேயே இடது கையின் புறத்தில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார். மண்டபத்துக்கு வெளியே லோகப்பிரியா யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது.